லிஃப்ட்காரரிடம் மிஞ்சிய சொல்

லிஃப்ட்காரருக்கு வாய் போன அன்று காலை, அவருடைய மனைவி நூலகத்தில் ஏணியின் நான்காம் படியில் நின்று மேல்தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசகர்கள் மேசையில் போட்டுவிட்டுப் போகும் புத்தகங்களை அள்ளிவந்து, முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து அதனதன் இடத்தில் செருகுவது அவள் வேலை. இருபது வருடமாக அதைத்தான் செய்கிறாள். எண் தெரிந்தால் போதும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பாள், பொருள் பிடிபடாது. சத்தம் போடக்கூடாத இடத்தில் இத்தனை காலம் நடந்ததில் காலடி ஓசையே அவளை விட்டுப் போய்விட்டது. பின்னால் வந்து நிற்பாள், யாருக்கும் தெரியாது. அதனால் நூலகர் அவளுக்குப் பூனை என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயர் கட்டடம் முழுக்கப் பரவி வீடு வரைக்கும் வந்துவிட்டது. புருஷன்கூட எப்போதாவது மனசு லேசாக இருந்தால் அப்படிக் கூப்பிடுவார்.

மனசு லேசாக இருப்பது வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை நடக்கும். மற்றபடி அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். அந்த ஒரு வார்த்தை சொல்லாததுதான் பூனைக்குத் தாங்கவில்லை. இருபத்தேழு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவர் மனசில் என்ன ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியாது.

ஆனால் அவருக்குப் பேசத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. அவர் லிஃப்ட் கம்பெனியில் பழுதுபார்ப்பவர். எங்காவது லிஃப்ட் நின்றுபோனால் கம்பெனியிலிருந்து போன் வரும்: ‘அந்தக் கட்டடத்துல லிஃப்ட் ஸ்டக், உள்ள மூணு பேர்.’ சில நேரம் உள்ளே மாட்டிக்கொண்டவர்களையே இணைப்பில் கொடுப்பார்கள். அப்போது அவர் குரல் மாறிவிடும். சட்டையை மாட்டிக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி பேசுவார். “பயப்படாதீங்க. காத்து வரும், அதெல்லாம் நிக்காது. கதவைப் பிடிச்சுத் தள்ளாதீங்க. கீழ உக்காந்துக்குங்க. எந்த மாடிக்குப் போயிட்டிருந்தீங்க? நான் கிளம்பிட்டேன், பக்கத்துலதான் இருக்கேன்.” பக்கத்தில் இருக்கமாட்டார். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டால் யாருக்கும் நம்பிக்கை வரும். தட்டில் பாதிச் சோறு இருக்க, கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். மகளின் கல்யாணத்தன்றுகூட மத்தியானம் இரண்டு மணி நேரம் ஆளைக் காணவில்லை.

அவர்கள் குடியிருந்தது மூன்று மாடிக் கட்டடத்தில், முதல் மாடியில். அங்கே லிஃப்டே கிடையாது. ஒரு தடவையாவது எங்காவது லிஃப்டில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று பூனைக்குத் தோன்றியதுண்டு. யாரிடமும் சொல்லிக்கொள்கிற ஆசையா அது.

மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு வீட்டில் இருந்த கொஞ்சநஞ்சப் பேச்சும் அவளோடு போய்விட்டது. இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்த பூனை ஒரு முடிவுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் செய்தித்தாளை விரித்துப்போட்டுக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து நின்றாள்.

“நான் மக வீட்டுக்குப் போறேன்.”

“சரி. எத்தனை நாளைக்கு?”

“திரும்பி வர்றதா இல்லை.”

நகவெட்டி நின்றது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“உங்களோட இருக்கறதும் ஒண்ணுதான், தனியா இருக்கறதும் ஒண்ணுதான்,” என்றாள் பூனை. “தனியா இருந்தா ஒருத்திக்குச் சமைச்சாப் போதும். கோபத்துல சொல்லலை. யோசிச்சுத்தான் சொல்றேன்.”

அவர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. எடுத்துக் கேட்டுக்கொண்டார். “வந்து பேசலாம்,” என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அன்றைக்கும் பேசவில்லை, அடுத்த நாளும் பேசவில்லை. பூனை பெட்டியைக் கட்டி வாசல் பக்கம் வைத்தாள். அவர் அதைச் சுற்றிக்கொண்டு போய்வந்தார். புதன்கிழமை காலை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவர், பாதி திரும்பி, “சாயந்தரம் உக்காந்து பேசுவோம். எனக்கும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்றார்.

அவர் வாயிலிருந்து அவள் முழுசாகக் கேட்ட கடைசி வாக்கியம் அதுதான்.

அன்று பத்தேகால் மணிக்கு ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது. உள்ளே நான்கு பேர். அவர் பத்தரைக்குள் போய்விட்டார். லிஃப்ட் ஓடாததால் ஒன்பது மாடியும் படியேறி, மொட்டை மாடியில் மோட்டார் இருக்கும் அறையைத் திறந்தார். மெயின் ஸ்விட்சை அணைத்தார். கம்பெனி ஆபீசுக்குப் போன் செய்து, “வந்துட்டேன். அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல ஸ்டக்” என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆபீஸ் பெண் இணைப்பு அறுந்தது என்று நினைத்து அடுத்த வேலையைப் பார்த்தாள்.

உள்ளே இருந்த நான்கு பேரும் கத்தினார்கள், கதவைத் தட்டினார்கள், ஆபீசுக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டார்கள். ஆபீசில் ‘ஆள் வந்துட்டார், வேலை நடக்குது’ என்ற பதில்தான் வந்தது. இரண்டரை மணி நேரம் கழித்து இன்னொரு ஆளை அனுப்பினார்கள். அவன் மேலே போனபோது லிஃப்ட்காரர் மோட்டாருக்குப் பக்கத்தில் கன்னம் தரையில் பதியக் கிடந்தார். கண் திறந்திருந்தது. அவன் முதலில் ஆம்புலன்சைக் கூப்பிட்டான், பிறகு மோட்டாரின் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை ஆறாம் மாடிக்குக் கொண்டுவந்து நான்கு பேரையும் வெளியே விட்டான். அவர்களுக்கு ஒரு கீறலும் இல்லை.

மூளையின் இடது பக்கத்தில் இரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார் டாக்டர். ஒரு மணி நேரத்துக்குள் வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம், இப்போது உயிரைக் காப்பாற்றியதே பெரிய விஷயம் என்றார். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. மூன்று நாள் அவர் சும்மா மேலே பார்த்துக்கொண்டு கிடந்தார். நான்காம் நாள் காலை பூனை முகம் துடைத்துவிடும்போது உதடு அசைந்தது.

“ஸ்டக்,” என்றார்.

பூனை ஈரத் துணியோடு வராந்தாவுக்கு ஓடி, எதிர்ப்பட்ட நர்சின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். பேச்சு வந்துவிட்டது, இனி ஒவ்வொன்றாக வந்துவிடும் என்று நினைத்தாள். அன்று முழுவதும் அவர் அதையே சொன்னார். மறுநாளும் அதையே. தண்ணீர் வேண்டுமா என்றாலும் ஸ்டக், வலிக்கிறதா என்றாலும் ஸ்டக். மகள் ஊரிலிருந்து ஓடிவந்து “அப்பா” என்று கட்டிக்கொண்டபோதும் ஸ்டக்.

டாக்டர் பூனையை உட்காரவைத்துப் பேசினார்.

“சிலருக்கு இப்படி ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சும்மா. நாக்கு நல்லாத்தான் இருக்கு. எதைச் சொல்லப் போனாலும் அந்த வார்த்தைதான் வெளிய வரும்.”

“ஏன் டாக்டர் அந்த வார்த்தை?”

“அடைப்பு வந்த நிமிஷத்துல வாய்ல இருந்த வார்த்தை தங்கிடும்னு சொல்றவங்க இருக்காங்க. நிச்சயமா யாருக்கும் தெரியாது.”

“மத்ததெல்லாம் எப்ப வரும்?”

டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி போட்டார். “பயிற்சி கொடுத்துப் பார்ப்போம்,” என்றார்.

வீட்டுக்கு வந்து கட்டிலை ஜன்னலோரம் போட்டார்கள். நூலகர் நல்ல மனுஷி, பூனைக்கு அரை நாள் வேலையாக மாற்றிக் கொடுத்தார். அந்த நேரத்துக்கு எதிர்வீட்டு அக்கா வந்து அவருக்குத் துணையிருப்பாள். வாசலில் இருந்த பெட்டியை இரண்டாவது வாரம் பூனை திறந்தாள். மாற்றிக் கட்ட வேறு சேலை இல்லை.

ஊமையாகிவிட்டிருந்தால்கூட மனசு அடங்கியிருக்கும். இது அப்படி இல்லை. அந்த ஒரு சொல்லை அவர் விதவிதமான ராகத்தில் சொன்னார். உயர்த்திக் கேள்வி மாதிரி, இழுத்துப் பெருமூச்சு மாதிரி, வெடுக்கென்று கோபமாக, சில நேரம் கதை சொல்கிறவர் மாதிரி, ஸ்டக் ஸ்டக் ஸ்டக் என்று ஏற்ற இறக்கத்தோடு கையை ஆட்டி நீளமாகப் பேசுவார். வாழ்நாளில் அவர் இவ்வளவு பேசிப் பூனை பார்த்ததில்லை. ராகங்களை அவள் மனப்பாடம் செய்துகொண்டாள். குறுகலாக இரண்டு தடவை சொன்னால் சிறுநீர், மூக்கால் சொன்னால் தலையணையைச் சரிசெய்ய வேண்டும் என்று எதிர்வீட்டு அக்காவுக்குக்கூடப் பாடம் எடுத்தாள். பாதி நேரம் சரியாக வந்தது. மீதிப் பாதியில் படுக்கை நனைந்திருக்கும்.

அவளுக்கு வேண்டியது தலையணை விவகாரம் அல்ல. அன்று காலை ‘ஒண்ணு சொல்லணும்’ என்றாரே, அது என்ன? போ என்றா, இரு என்றா? அது அந்தச் சொல்லுக்குள்தான் எங்கோ இருக்க வேண்டும் என்று அவளுக்குப் பட்டது.

ஒரு மத்தியானம், வாசகர்கள் குறைந்த நேரத்தில், நூலகரின் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“ஐயோ பூனை, கனைச்சுட்டு வாயேன்,” என்றார் நூலகர், கையிலிருந்த டீயைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு. “என்ன வேணும்?”

“ஸ்டக்னா என்ன மேடம்?”

“மாட்டிக்கறது. உனக்குத் தெரியுமே.”

“அது தெரியும். வேற என்னென்ன அர்த்தம் இருக்கு? எங்கேருந்து வந்துச்சு அது?”

நூலகர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, வெளியே கொடுக்காத புத்தகங்கள் இருக்கும் அலமாரிக்குப் போய், சொற்களின் பிறப்பைச் சொல்லும் தடித்த அகராதியை இரண்டு கையாலும் இறக்கினார். அதைப் பூனை எத்தனையோ தடவை தூசி தட்டி வைத்திருக்கிறாள், ஒரு நாளும் திறந்ததில்லை. நூலகர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு பக்கத்தில் விரலை ஓட்டினார்.

“இது ஆயிரம் வருஷத்துக்கும் மேலான சொல்லு. முதல்ல மாட்டிக்கறதுன்னு அர்த்தம் இல்லை பூனை. குத்துறதுன்னு அர்த்தம்.”

“குத்துறதா?”

“கூர்மையானதை வச்சுக் குத்துறது. ஈட்டி, கத்தி மாதிரி. அப்படிக் குத்தினது வெளிய வராம உள்ளயே நின்னுடும் இல்லையா, அதுக்கும் அதே சொல்லைச் சொல்லியிருக்காங்க. அப்புறம்தான் ஒட்டிக்கறது, சேத்துல வண்டி நகராம நிக்கறது, வழியில்லாம மாட்டிக்கறது எல்லாம். துணி தைக்கிறதுக்கு அவங்க சொல்ற வார்த்தையும் இதோட சொந்தம்தான். குத்தித்தானே தைக்கிறோம். டிக்கெட்கூட ஒரு வகையில பங்காளிதான். முன்னாடி அது குத்தி வைக்கிற சீட்டு.”

“அப்ப குத்து வாங்கினவனும் மாட்டிக்கிட்டவனும் ஒண்ணா மேடம்?”

“சொல்லு ஒண்ணுதான்.” நூலகர் கொஞ்சம் யோசித்தார். “நம்ம பேச்சுல பாரு, சட்டையை ஆணியில மாட்டுறோம், மனுஷன் மாட்டிக்கறான். தலைமுடியில விழுற சிக்கும், ஆள் சிக்கிக்கறதும் ஒண்ணுதான். ஒவ்வொரு பாஷையும் ஒவ்வொரு வழியா அங்க போய்ச் சேருது.”

பூனைக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. குத்துவது என்பது மட்டும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை தான் சொன்னது அவருக்குள் இறங்கி, புதன்கிழமை வரைக்கும் உள்ளேயே நின்று, ஒன்பது மாடி ஏறியதும் மூளையைப் போய் அடைத்துவிட்டது என்று அவளாகவே கணக்குப் போட்டாள். டாக்டரிடம் கேட்டதற்கு, பத்து வருடமாக இரத்த அழுத்தத்தைப் பார்க்காமல் விட்டதுதான் காரணம் என்று அடித்துச் சொன்னார். அவளுக்குக் காது கேட்டது, மனசு கேட்கவில்லை.

அடுத்தடுத்த நாள்களில் நூலகரை விடாமல் பிடித்துக்கொண்டாள். அதே சொல்லோடு பக்கத்தில் சின்னச் சொல் ஒன்று சேர்ந்தால் பொருள் மாறும் என்று தெரிந்தது. ஒன்று சேர்ந்தால், ஆள்மேல் மயங்கிக் கிடப்பது. இன்னொன்று சேர்ந்தால் தலைக்கனம் பிடித்தது. அதைக் கேட்டு இரண்டு பேரும் சிரித்தார்கள். வேறொன்று சேர்ந்தால், என்ன ஆனாலும் கூடவே இருப்பது, விட்டுப் போகாதது. அதைச் சொல்லும்போது நூலகரின் குரல் தணிந்தது. பூனை எல்லாவற்றையும் பழைய புத்தக அட்டை ஒன்றின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தலைவாரி, சாய்த்து உட்காரவைத்து, அட்டையை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“அன்னைக்கு என்னமோ சொல்லணும்னீங்களே. நான் சொன்னது குத்திடுச்சுன்னு சொல்ல வந்தீங்களா?”

“ஸ்டக்,” என்றார் அவர்.

“போய்த் தொலைன்னு சொல்ல வந்தீங்களா?”

“ஸ்டக்.”

“போகாத, கூடவே இருன்னா?”

“ஸ்டக்.” வாயின் இடது பக்கம் மட்டும் சிரித்தது. தலையை ஆட்டினார்.

பூனை கட்டிலை நெருங்கி உட்கார்ந்தாள். இருன்னுதானே, இருன்னுதானே என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் ஆட்டினார். அந்த ஒரு வாரம் அவள் பறந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். எதிர்வீட்டு அக்காகூட, “என்னடி, முகமெல்லாம் வெளிச்சமா இருக்கு,” என்று கேட்டாள்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, வழக்கமாக வந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள். சின்ன வயசு, கெட்டிக்காரி. படங்களைப் பரப்பி, “கப் எது, காட்டுங்க,” என்றாள். அவர் சாவியைத் தொட்டார். “கண்ணை மூடுங்க,” என்றாள். சிரித்தார். பூனை குறுக்கே புகுந்து, ஆமா இல்லை என்று கேட்டால் சரியாகத் தலையாட்டுவார் என்றாள். அந்தப் பெண் அவர் முகத்தருகே குனிந்து, மிக அன்பான குரலில், “உங்களுக்கு நூறு பிள்ளைங்களா?” என்று கேட்டாள்.

அவர் மரியாதையாகத் தலையாட்டினார்.

“நீங்க பொம்பளையா?”

அதற்கும் ஆட்டினார்.

பயிற்சிப் பெண் படங்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். “நம்ம முகத்தையும் குரலையும் பிடிச்சுக்கறார் ஆன்ட்டி. அன்பா கேட்டா ஆமாங்கறார். வார்த்தை உள்ள போய்ச் சேரலை. ஆரம்பத்துலயே சொல்லியிருக்கணும், நீங்க அவ்வளவு நம்பிக்கையா இருந்தீங்க, வாய் வரலை.”

அவள் போன பிறகு பூனை அந்த அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். கேட்டதும் அவள்தான், பதில் சொல்லிக்கொண்டதும் அவள்தான்.

இதற்குப் பிறகு ஒரு நாள், முன்பின் தெரியாத ஒருவர் பிஸ்கட் பொட்டலத்தோடு வந்து வாசலில் நின்றார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவராம்.

“அன்னைக்கு அந்த லிஃப்டுக்குள்ள இருந்தவங்கள்ல நானும் ஒருத்தன்மா,” என்றார். “ரொம்ப நாளா வரணும் வரணும்னு இருந்தேன். கால் வரலை.”

பூனை நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் நுனியில் உட்கார்ந்தார்.

“அந்த ரெண்டரை மணி நேரமும் இவரைத் திட்டாத திட்டு இல்லை. ஆள் வந்துட்டார்னு சொன்னாங்களே, மேல உக்காந்து டீ குடிச்சிட்டிருக்கான்னு சொன்னேன். கூட இருந்தவங்க சும்மா இருந்தாங்க, நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவன் நாசமாப் போகன்னு...” கட்டில் பக்கம் திரும்பினார். “என்னை மன்னிச்சிடுங்க சார். மூச்சு முட்டிடுச்சு எனக்கு. பயந்துட்டேன்.”

லிஃப்ட்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையை லேசாக உயர்த்தி, “ஸ்டக்,” என்றார். “ஸ்டக், ஸ்டக். ஸ்டக்.”

பூனை கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். அது அந்தக் குரல். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசுகிற குரல். பயப்படாதீங்க, கீழ உக்காந்துக்குங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன். சொல் எல்லாம் உதிர்ந்துபோய் அந்த இதம் மட்டும் அப்படியே இருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார். போகும்போது, “அவர் என்னை மன்னிச்சிட்டார்மா,” என்றார். பூனை மறுக்கவில்லை. பிஸ்கட்டை வாங்கி உள்ளே வைத்தாள். இத்தனை மாதம் மலம் சிறுநீர் அள்ளியவளுக்கு ஒரு தடவைகூட வராத குரல், முன்பின் தெரியாதவனுக்கு வந்துவிட்டது என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

எப்போது ‘நீங்க’ போய் ‘நீ’ வந்தது என்று அவளுக்கே தெரியாது. வாயைத் திற, திரும்பிப் படு, இன்னும் ஒரு வாய் சாப்பிடு என்று குழந்தையிடம் பேசுகிற மாதிரி வந்துவிட்டது. முதல் தடவை நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் கவனிக்கவில்லை என்பதைக் கண்டதும் விட்டுவிட்டாள்.

ஒரு காலையில் குளியலறையில் அவருடைய துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தவள், என்ன நினைத்தாளோ, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கவிழ்த்துவைத்த வாளியின்மேல் உட்கார்ந்து, கதவை உள்ளிருந்து தட்டினாள்.

“யாராவது இருக்கீங்களா?” என்றாள். தன் குரலே அவளுக்கு வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. இன்னும் பலமாகத் தட்டினாள். “கதவு திறக்க மாட்டேங்குது. நான் மாட்டிக்கிட்டேன். யாராவது வாங்களேன்.”

குழாய் சொட்டியது. பிறகு கட்டிலிலிருந்து வந்தது.

“ஸ்டக்.” தணிந்து, மெதுவாக. “ஸ்டக், ஸ்டக்... ஸ்டக்.”

அவர் ஒரு சொல்லையும் புரிந்துகொள்ளவில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தட்டுகிற சத்தமும் பயந்த குரலும் போதும், இத்தனை வருடப் பழக்கம் தானாக ஓடுகிறது. தெரிந்தும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். “பயமா இருக்கு,” என்றாள். ஸ்டக் என்றது அந்தக் குரல். “எப்ப வருவீங்க?” என்றாள். ஸ்டக், ஸ்டக். சோப்பு நுரை கையில் காய்ந்து இறுகும் வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை, மூன்று தடவை என்று ஆனது. தப்பு என்று தெரிந்து செய்கிறவள் மாதிரி ஜன்னலைச் சாத்திவிட்டுப் போவாள். ஐந்து நிமிடம்தான். வெளியே வந்ததும் அவர் கண்ணைப் பார்க்கமாட்டாள்.

மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது கடைக்குப் போனவள் சீக்கிரம் திரும்பிவிட்டாள். குளியலறைக்குள் அம்மா கத்துவதைக் கேட்டுக் கதவை உடைக்காத குறையாக இடித்தாள். பூனை தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

“என்னம்மா இது? நல்லாத்தானே திறக்குது?”

பூனை சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பொய் சொல்ல வரவில்லை. சொன்னாள். மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“போதும்மா. நீ என்னோட வந்துடு. அப்பாவை நல்ல இடமாப் பார்த்துச் சேர்க்கலாம். அங்க பார்த்துக்க ஆள் இருக்காங்க. நீ முன்னாடியே வர்றேன்னு சொன்னவதானே.”

“சொன்னேன்.”

“அப்புறம் என்ன?”

“நான் சொன்னதுக்கு அவர் இன்னும் பதில் சொல்லலையே,” என்றாள் பூனை.

“அவரால சொல்ல முடியாதும்மா. உனக்கே தெரியும்.”

“தெரியும். கேட்டுட்டு நடுவுல எழுந்து போக எனக்கு வரலை.”

மகளுக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து ஊருக்குப் போனாள். போகும்போது அப்பாவின் நெற்றியைத் தடவினாள். அவர் மூக்கால் ஸ்டக் என்றார். தலையணையைச் சரிசெய்தாள்.

நான்காவது வருடம், மழைக்காலத்தில் ஒரு மாலை, இரண்டாவது அடைப்பு வந்தது. சிறியதுதான், மூன்றே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கை கால் இருந்தபடியே இருந்தது. அந்தச் சொல் மட்டும் போய்விட்டது. பூனை பத்து நாள் காத்துப் பார்த்தாள். முகம் துடைக்கும்போது உதட்டையே பார்ப்பாள். உதடு அசையும், காற்று வரும், வேறொன்றும் வராது. ஒரு நாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தட்டினாள். வெகுநேரம் தட்டினாள். எதிர்வீட்டு அக்காதான் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள்.

நூலகத்தில் அந்த வருடம் அவளுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். ஏணியில் ஏற முட்டி ஒத்துழைக்கவில்லை. பிரிவு உபசாரத்தில் நூலகர் நன்றாகப் பேசினார். பூனையைப் பேசச் சொன்னபோது எழுந்து நின்று, எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, உட்கார்ந்துவிட்டாள். கைதட்டினார்கள்.

இப்போது அவளுக்கு ஐம்பத்தாறு. காலை ஆறு மணிக்கு அவரைப் புரட்டிப் படுக்கவைப்பாள், எட்டு மணிக்கு மறுபடி புரட்டுவாள். முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்வதில் டாக்டரே அவளை மெச்சுகிறார். போன வாரம் போர்வை மாற்றிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு, சும்மா செய்தி சொல்கிற மாதிரி சொன்னாள்.

“நான் போகலை. அன்னைக்குச் சொன்னேனே, அது இல்லைன்னு வச்சுக்கோ. இனிமே போறதுக்கும் ஒண்ணுமில்லை. நீ என்ன சொல்ல வந்தியோ எனக்குத் தெரியப்போறதில்லை.”

தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. அவர் கண் அந்தப் பக்கம் திரும்பியது. பூனை ஈரப் போர்வையை உருவிச் சுருட்டிக் கீழே போட்டாள். அவரை இடுப்போடு அணைத்து ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, காய்ந்த போர்வையின் ஒரு முனையை மெத்தைக்கு அடியில் செருகினாள். மறுமுனைக்குப் போக அவரைக் கீழே விட வேண்டும். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.